முதல்ல உன் பேரைச் சரி பண்ணு, தங்கச்சி

வேலை தேடப் போறேன்னு சொல்ற பிள்ளைங்க எல்லாரும் முதல்ல ரெஸ்யூமேயைத்தான் கையில எடுக்கிறாங்க. அது அப்புறம். ஆதார், பான் கார்டு, பத்தாவது மார்க்‌ஷீட், பேங்க் பாஸ்புக், இந்த நாலையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. நாலுலயும் உன் பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கா?

பம்பாய்த் தமிழ்க் குடும்பத்துல பெரும்பாலும் இருக்காது. நம்ம ஊர் வழக்கம் இனிஷியல். இங்கே பேரோட அப்பா பேரு, அதுக்கு மேல ஒரு சர்நேமும் கேப்பாங்க. தாராவியில உன்னை ஸ்கூல்ல சேர்க்கும்போது அப்பா 'பி. முத்துச்செல்வி'ன்னு சொல்லியிருப்பார். கிளார்க், "சர்நேம் என்ன?"ன்னு கேட்டிருப்பார். அப்பா தன் பேரைச் சொல்லியிருப்பார், இல்லேன்னா தாத்தா பேரை, அதுவும் இல்லேன்னா சாதிப் பேரை. மகாராஷ்டிரா போர்டு மார்க்‌ஷீட்ல சர்நேம்தான் முன்னால வரும். அதனால அங்கே உன் பேரு ரெண்டாவதா நிக்கும். ஆதார்ல வெறும் 'பி'. பான் கார்டுல அந்த 'பி'யை விரிச்சு முழுப் பேரா எழுதியிருப்பாங்க. பாஸ்புக்ல முத்து தனியா, செல்வி தனியா. ஒரே பொண்ணு, நாலு பேரு.

இதனால என்ன ஆயிரும்னு நினைக்காதே. நான் சம்பளக் கணக்கு பார்க்கிற வேலையில இருக்கிறவ. பி.எஃப். பணம் கேட்டு எழுதின மனு திரும்பி வர்றதுக்கு நான் அதிகமா பார்த்த காரணம் இந்தப் பேரு ஒத்துப்போகாததுதான். பி.எஃப்.ல உனக்குக் கிடைக்கிற 12 இலக்க யு.ஏ.என். நம்பர் ஆதார் பேரை வச்சு உருவாகுது. பணம் போகப்போறது பாஸ்புக் பேருக்கு. வரிக் கணக்கு பான் பேருல. மூணும் ஒத்துப்போகலேன்னா உன் காசு உன்கிட்ட வராம நடுவுல நிக்கும்.

எதை அடிப்படையா வச்சுக்கிறது? பத்தாவது மார்க்‌ஷீட்டை வச்சுக்கோ. மாத்துறதுக்கு ரொம்ப அலைய வேண்டியது அதுக்குத்தான். மத்த மூணையும் அதுக்கு ஏத்த மாதிரி திருத்து. ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் மாத்த முடியும், பிறந்த தேதியை ஒரே தடவைதான். அதனால முதல்ல ஒரு தாள்ல உன் பேரை முடிவா எழுதி வச்சுக்கிட்டு, அதைப் பார்த்து ஆதாரைத் திருத்து. அவசரத்துல கடைக்காரன் கையில விட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கிறாதே. மார்க்‌ஷீட்லயே தப்பா இருந்தா மகாராஷ்டிரா கெஜட்ல பேர் மாற்றம் போட்டு, அந்தக் கெஜட் நகலைப் பத்திரமா வை.

ஆதி திராவிடர் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு. இதை யாரும் பொறுமையா உட்கார வச்சுச் சொல்றதில்ல. இங்கேயே பிறந்து இங்கேயே படிச்சிருந்தாலும், மகாராஷ்டிரா அரசு வேலையில, காலேஜ் சீட்டுல இடஒதுக்கீடு வேணும்னா 1950 ஆகஸ்ட் 10க்கு முன்னாடியே உன் குடும்பம் இங்கே குடியிருந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க. ஒரு மாநிலத்துப் பட்டியலை வச்சு இன்னொரு மாநிலத்துல சலுகை கேக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 1990லயும் 1994லயும் சொல்லியிருக்கு. தோல் பதனிடுற வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள்ல பல குடும்பம் அந்தத் தேதிக்கு ரொம்ப முன்னாடியே வந்தவங்க. தாத்தாவோட பழைய ஸ்கூல் சர்ட்டிபிகேட், முனிசிபாலிட்டி பிறப்பு இறப்புப் பதிவு, அந்தக் காலத்து வாடகை ரசீது, எதுவாவது டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கான்னு ஆச்சிகிட்ட கேளு. பெட்டியை வீசுறதுக்கு முன்னாடி கேளு. அப்படி எதுவும் கிடைக்கலேன்னாலும் கதவு மூடிரல. அப்பாவுக்குத் தமிழ்நாட்டுல கொடுத்த சாதிச் சான்றிதழைக் காட்டி, 'வேறு மாநிலத்தில் இருந்து வந்தவர்'னு குறிச்ச சான்றிதழ் இங்கேயே வாங்கலாம். ரயில்வே, பொதுத்துறை பேங்க் மாதிரி மத்திய அரசு வேலைக்கு அது செல்லும். மாநில வேலைக்குச் செல்லாது. இந்த வித்தியாசம் தெரியாம ரெண்டு வருஷம் தப்பான தேர்வுக்குப் படிச்ச பிள்ளைங்க உண்டு.

தாராவி மறுமேம்பாட்டுக்காக வீட்டுச் சர்வே எடுத்தாங்களே, அதுலயும் காகிதம்தான் பேசும். கரண்ட் பில், வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து உன் மெயிலுக்கு ஒரு தடவை அனுப்பி வச்சிரு. மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தாலும் அது அழியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு காலத்துல டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணிட்டு ரயிலேறி வந்தவங்களுக்கு மாட்டுங்காவுல ஒரு அறை, ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸ்னு கிடைச்சுது. முன்னாடி வந்தவர் பின்னாடி வந்தவரைக் கூட்டிட்டுப் போய் மேனேஜர் முன்னால நிறுத்துவார். அந்தப் பழக்கம் இன்னிக்கும் நம்மகிட்ட இருக்கு. அத்தான் சொல்லி ஒரு வேலை, எதிர்வீட்டு அண்ணன் சொல்லி ஒரு வேலை. இதை நான் குறைவா நினைக்கல. எந்த ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்கன்னு போர்ட்டல்ல வர்றதுக்கு முன்னாடியே நமக்குத் தெரியுதுன்னா அது பெரிய பலம். கோயில், சங்கம், கல்யாணம் எங்கே போனாலும் "நான் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன், டேலி தெரியும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரியும்"னு தெளிவா ஒரு வரி சொல்லு. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க மாமா"ன்னு சொன்னா மாமாவுக்கு யார்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியாது.

ஆனா சேதி வரைக்கும்தான் சொந்தக்காரங்க. சம்பளம், நேரம், விடுமுறை, பி.எஃப்., இதெல்லாம் கம்பெனி வாயால சொல்லி, கம்பெனி லெட்டர்ல எழுதித் தரணும். "அத்தான் பேசிட்டார், அவங்க பார்த்துப்பாங்க"ன்னு நம்பி லெட்டர் வாங்காம சேராதே. 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்கள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கு. அதனால நீ கேக்கிறது சலுகை இல்ல. கூச்சப்படாம கேளு.

எங்கே தேடுறதுன்னா, நௌக்ரி, லிங்க்ட்இன், அப்னா எல்லாம் உனக்கே தெரியும். ரெண்டை நம்ம பிள்ளைங்க திறந்தே பார்க்கிறதில்ல. ஒண்ணு மத்திய அரசோட நேஷனல் கெரியர் சர்வீஸ் போர்ட்டல், இன்னொண்ணு மகாராஷ்டிரா அரசோட மகாஸ்வயம். ரெண்டும் இலவசம். அதைவிட முக்கியமா, ஐ.டி.ஐ. முடிச்ச தம்பிமாரும் தங்கச்சிமாரும் நம்ம பக்கத்துலயே இருக்கிற அப்ரண்டிஸ் இடங்களைப் பாருங்க. மாட்டுங்காவுல ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்கு, பரேல்ல இருக்கு, குர்லாவுல ஷெட் இருக்கு. சென்ட்ரல் ரயில்வே இதுக்கெல்லாம் சேர்த்து அறிவிப்பு விடும். பரீட்சை கிடையாது, பத்தாவது மார்க்கும் ஐ.டி.ஐ. மார்க்கும் வச்சுத்தான் பட்டியல். வயசு 15ல இருந்து 24 வரைக்கும். அப்ரண்டிஸ் முடிச்சா வேலை நிச்சயம்னு யாராவது சொன்னா நம்பாதே. ஆனா ரயில்வே லெவல் 1 வேலைகள்ல அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்காங்க. சேம்பூர்ப் பக்கம் ஆர்.சி.எஃப்., மாஹுல்ல ரெண்டு எண்ணெய் ஆலை, டிராம்பேல அணு ஆராய்ச்சி மையம், இவங்களும் அவங்கவங்க இணையதளத்துல பயிற்சியாளர் அறிவிப்பு போடுவாங்க. வாசல் வழியா தினம் பஸ்ல போறோம், உள்ள போறதுக்கு மனு போடறதில்ல.

ரெஸ்யூமேல மொழின்னு ஒரு இடம் இருக்குமே, அதை ஒப்புக்கு நிரப்பாதே. தாராவியில வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ், இந்தி, இங்கிலீஷ், மராட்டி நாலும் வரும். பேங்க், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோட கால் சென்டர்ல தமிழ்ல பேச ஆள் தேடுறாங்க. 'தமிழ் வாய்ஸ் ப்ராசஸ்'னு தேடிப் பாரு. தமிழ் பேசத் தெரியும், படிக்கவும் தெரியும்னு தனித்தனியா எழுது. படிக்கத் தெரியலேன்னா ஆறு மாசம் ஒதுக்கிக் கத்துக்கோ. மராட்டியும் அப்படித்தான். இந்த ஊர்ல வேலை பார்க்கப் போறவளுக்கு நாலு வாக்கியம் தடுமாறாம மராட்டியில பேசத் தெரிஞ்சா இன்டர்வியூ அறையில முகங்கள் மலரும். அது பயத்துக்காகப் பேசுறது இல்ல, நமக்குச் சோறு போடுற ஊருக்கு நாம செய்ற மரியாதை.

விலாசத்துல தாராவின்னு போட்டா கூப்பிடமாட்டாங்கன்னு சயான், மாஹிம்னு மாத்தி எழுதுறவங்க இருக்காங்க. அவங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா வேலை கிடைச்ச பிறகு ஆள் அனுப்பி விலாசம் சரிபார்ப்பாங்க, அப்ப ஆதார்ல ஒண்ணு, ரெஸ்யூமேல ஒண்ணுன்னா நீ பொய் சொன்னவளா ஆயிருவே. ரெஸ்யூமேல முழு விலாசமே தேவையில்ல. 'மும்பை 400017'னு போட்டாப் போதும். அனுபவத்தைக் கூட்டி எழுதுறதும் வேண்டாம். உன் யு.ஏ.என். கணக்குல எந்தக் கம்பெனியில எந்த மாசம் வரைக்கும் இருந்தேன்னு வரிசையா இருக்கும், புதுக் கம்பெனி அதைப் பார்க்கும்.

இன்டர்வியூவுக்கு ஒப்புக்கிறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் எவ்வளவு நேரம்னு கணக்குப் போடு. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போடாதே. சேம்பூர்ல இருந்து வாஷி, பேலாப்பூர் ஹார்பர் லைன்ல நேர் வண்டி. அதே சேம்பூர்ல இருந்து அந்தேரி எம்.ஐ.டி.சி.ன்னா குர்லாவுல இறங்கி, மாறி, அதுக்கப்புறம் ஷேர் ஆட்டோ வரிசை. தாராவிக்கு இப்ப மெட்ரோ 3 ஸ்டேஷன் இருக்கு, பி.கே.சி. அடுத்த பக்கம்தான். மூவாயிரம் ரூபாய் அதிகச் சம்பளத்துக்காக தினம் நாலு மணி நேரம் வழியில போச்சுன்னா வேற தேர்வுக்குப் படிக்க உனக்குத் தெம்பு இருக்காது. ராத்திரி ஷிஃப்டா இருந்தா வண்டி விடுவாங்களான்னு முதல் ரவுண்ட்லயே கேளு. மகாராஷ்டிராவுல கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ராத்திரி 9.30க்கு மேல பொம்பளைப் பிள்ளையை வேலை வாங்கணும்னா அவ சம்மதமும் வேணும், பாதுகாப்பா வீடு சேர வண்டியும் வேணும். ரயில் பாஸ் மூணு மாசத்துக்கு எடு. ரெண்டே முக்கால் மாசக் காசைவிடக் கொஞ்சம் கம்மியிலயே மூணு மாசம் போகலாம்.

இப்ப ஒரு கண்டிப்பான பேச்சு. வேலைக்குக் காசு கேட்டா எழுந்து வந்திரு. ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், ட்ரெயினிங், லேப்டாப் டெபாசிட், எந்தப் பேருல கேட்டாலும் சரி. ஏர்போர்ட்ல கிரவுண்ட் ஸ்டாஃப் வேலைன்னு விளம்பரம் போட்டுக் கேக்கிறாங்க, போன்ல வீடியோவுக்கு லைக் போட்டா காசுன்னு ஆரம்பிச்சு அப்புறம் உன்கிட்டயே கேக்கிறாங்க. 2022ல நடந்தது ஞாபகம் இருக்கா? ரயில்வேயில டி.டி.இ. வேலைன்னு நம்பித் தமிழ்நாட்டுப் பையன்கள் 28 பேர் லட்சக்கணக்குல கொடுத்தாங்க. டெல்லி ஸ்டேஷன்ல ஒரு மாசம் தினம் எட்டு மணி நேரம் வர்ற போற ரயிலையும் பெட்டியையும் எண்ணச் சொன்னாங்க, அதுதான் ட்ரெயினிங்னு. மொத்தம் 2 கோடி 67 லட்சம் போச்சு. அவங்க படிக்காதவங்க இல்ல. ஊர்ல தெரிஞ்ச ஒருத்தர் மூலமா போனதால யாரும் கேள்வி கேக்கல. கேக்கலாம், தங்கச்சி. தெரிஞ்சவங்ககிட்டதான் முதல்ல கேக்கணும். அரசு வேலைக்கு அறிவிப்பு எண் இருக்கும், அதைக் கேளு. அந்த எண் துறையோட சொந்த இணையதளத்துல இல்லேன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சுது.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்புற ஏஜெண்ட் நிறையப் பேர் இந்த ஊர்லதான் இருக்கிறாங்க. மத்திய அரசோட ஈ-மைக்ரேட் தளத்துல அந்த ஏஜெண்ட் பேரும் லைசென்ஸும் இருக்கான்னு பாரு. பதிவு பண்ணின ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதுவும் ரசீதோட. விசிட் விசாவுல போய் அங்கே மாத்திக்கலாம்னு சொன்னா போகாதே. டேட்டா என்ட்ரி வேலைன்னு தாய்லாந்து, கம்போடியாவுக்குக் கூப்பிட்டாலும் போகாதே. அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிட்டு நம்ம பிள்ளைங்களையே ஆன்லைன் மோசடி பண்ண வச்சாங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச நிமிஷமே 1930க்குப் போன் பண்ணு. அழுதுட்டு ஒரு நாள் கழிச்சுப் பண்ணினா பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

வேலை கிடைச்சிருச்சுன்னு வை. 'மூணு லட்சம் பேக்கேஜ்'. அம்மா மாசம் 25,000னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இரு, அந்தக் காகிதத்தை இங்கே கொண்டா. 25,000ல பேசிக் 12,500னு வச்சுக்குவோம். கம்பெனி உனக்காகக் கட்டுற பி.எஃப்., பேசிக்ல 12 சதவீதம், 1,500 ரூபாய். அதையும் இந்த 25,000க்குள்ளயே சேர்த்திருப்பாங்க. கிராஜுவிட்டின்னு 4.81 சதவீதம், 601 ரூபாய், அதுவும் உள்ளேயே. ஆக உன் சம்பளச் சீட்டுல மொத்தம்னு வர்றது 22,899. அதுல உன் பங்கு பி.எஃப். 1,500 போகும். ஆம்பளைப் பிள்ளைன்னா தொழில் வரி மாசம் 200, பிப்ரவரியில மட்டும் 300. மகாராஷ்டிராவுல 25,000 வரைக்கும் சம்பளம் வாங்குற பெண்களுக்கு அந்த வரி கிடையாது. உன்கிட்ட பிடிச்சா எச்.ஆர்.கிட்ட கேளு. கடைசியில கைக்கு வர்றது 21,399. இந்த எண்ணை வச்சுத்தான் செலவுத் திட்டம் போடணும், 25,000ஐ வச்சு இல்ல. அந்த 601 ரூபாய் கிராஜுவிட்டியோ, நிரந்தர வேலையில அஞ்சு வருஷம் இருந்தாத்தான் கையில வரும். "பேக்கேஜ் எவ்வளவு?"ன்னு கேக்கிறதை விட்டுட்டு "இன்-ஹேண்ட் எவ்வளவு, வேரியபிள்னு எதையாவது சேர்த்திருக்கீங்களா?"ன்னு கேளு.

மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருந்தா ஈ.எஸ்.ஐ. வரும். உன்கிட்ட பிடிக்கிறது 0.75 சதவீதம்தான், கம்பெனி 3.25 போடும். 20,000 சம்பளத்துக்கு நீ கொடுக்கிறது 150 ரூபாய். அதுக்கு உனக்கும் உன்னை நம்பியிருக்கிற அம்மா அப்பாவுக்கும் வைத்தியம், உடம்பு முடியாம லீவு போட்டா சம்பளத்துல 70 சதவீதம், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். கூட்டம் அதிகம்னு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகாதவங்க இருக்காங்க. ஆபரேஷன் செலவு வரும்போது அந்தக் கூட்டத்துல நிக்கிறது எவ்வளவோ மேல். கார்டுல அம்மா அப்பா பேரைச் சேர்க்காம விட்டிராதே.

பி.எஃப். பிடிச்சதைக் கட்டினாங்களான்னு நீயே பாரு. பதிவு பண்ணின போன்ல இருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தா பாக்கி எவ்வளவுன்னு மெசேஜ் வரும். சம்பளச் சீட்டுல பிடிச்சிருக்கு, கணக்குல ஏறலைன்னா ரெண்டு மாசத்துக்கு மேல பொறுக்காதே. இதை உன்னோட நிறுத்தாதே. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி ஆயா வேலைன்னு காண்ட்ராக்ட்ல போற அம்மா, சித்தி, மாமாவுக்கும் பார்த்துக் கொடு. காண்ட்ராக்டர் கட்டலேன்னா வேலை வாங்குற பெரிய நிறுவனமும் பொறுப்பு. பாந்த்ரா பி.எஃப். ஆபீஸ்ல புகார் கொடுக்கலாம், ஆன்லைன்லயும் கொடுக்கலாம். அதுல நாமினி பதிவு பண்ணியாச்சான்னும் பாரு. வேலையில இருக்கும்போதே ஒருத்தர் இறந்துட்டா பி.எஃப். உறுப்பினருக்கு 7 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. அது இருக்கிறதே தெரியாம கேக்காம விட்ட குடும்பம் நம்ம தெருவுலயே இருக்கும். வேலை மாறும்போது பி.எஃப்.பை உடைச்சு எடுத்துப் போன் வாங்காதே, புதுக் கம்பெனிக்கு மாத்து. பத்து வருஷம் சேர்ந்தாத்தான் பென்ஷன்.

அடுத்தது பணம் எங்கே வைக்கிறதுன்னு.

2019 செப்டம்பர்ல பி.எம்.சி. பேங்க் வாசல்ல நின்ன கூட்டத்தை இந்த ஊர் மறக்காது. ரிசர்வ் பேங்க் கட்டுப்பாடு போட்ட அன்னிக்கு ஒருத்தர் எடுக்கலாம்னு சொன்னது 1,000 ரூபாய். கல்யாணத்துக்கு வச்சவங்க, டயாலிசிஸ்க்கு வச்சவங்க எல்லாரும் அந்த வரிசையில நின்னாங்க. அப்ப டெபாசிட் காப்பீடு 1 லட்சம்தான், 2020 பிப்ரவரியில இருந்து 5 லட்சம் ஆச்சு. கோ-ஆபரேட்டிவ் பேங்க்குக்கும் அது உண்டு. ஆனா தெருமுனையில இருக்கிற 'பத்பேடி', அதாவது கிரெடிட் சொசைட்டி, அதுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. ரெண்டு போர்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பத்பேடியில ஒரு சதவீதம் கூட வட்டி தர்றாங்கன்னு அப்பாவோட ரிட்டயர்மெண்ட் பணம் முழுசையும் வைக்கிறது எனக்குச் சம்மதம் இல்ல.

சீட்டு. இதைப் பத்தி நம்ம வீட்டுல பேசினா சண்டைதான் வரும், இருந்தாலும் பேசணும். அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து போடுற சீட்டு, இங்கே மராட்டிக்காரங்க பிஷின்னு சொல்றது, அதுலதான் பல பிள்ளைங்களுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினோம். பேங்க் நம்மளை உள்ளே விடாத காலத்துல அதுதான் நமக்குப் பேங்க். அதனால விடுன்னு சொல்லமாட்டேன். இருபது பேரு, ஆளுக்கு ஆயிரம், எல்லாரும் முகம் தெரிஞ்சவங்க, குலுக்கல், நோட்டுல கையெழுத்து, அந்த அளவுக்குள்ள இருக்கட்டும். ஏலம் போட்டுத் தள்ளிவிட்டு எடுக்கிற பெரிய சீட்டு, நடத்துறவரைத் தவிர வேற யாரையும் உனக்குத் தெரியாதுன்னா, 1982 சட்டப்படி பதிவு பண்ணியிருக்கான்னு கேளு. இல்லேன்னா ஓடிப்போனவனைத் தேடுறதுக்குப் போலீஸ்ல கொடுக்கக்கூட ஒரு காகிதம் இருக்காது. உன் சம்பளத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல சீட்டுக்குப் போகக் கூடாது. எடுத்த சீட்டை அண்ணன் கல்யாணத்துக்குக் கொடுத்துட்டு மீதித் தவணையை நீ கட்டிக்கிட்டிருக்கிறதும் வேண்டாம். பொண்ணு சம்பாதிச்சா அந்தச் சம்பளம் வீட்டுக்குப் பொதுன்னு ஆயிருது. கொடு, சந்தோஷமா கொடு, ஆனா எவ்வளவுன்னு முதல் மாசமே சொல்லிட்டுக் கொடு.

வாரா வாரம் வட்டின்னு சொல்லிக் கல்லு வித்த டோரஸ் கடை 2025 ஜனவரியில தாதர்ல மூடினப்போ வெளிய நின்னவங்கள்ல காய்கறி விக்கிறவங்களும் இருந்தாங்க. போஸ்ட் ஆபீஸ் பி.பி.எஃப். வருஷத்துக்கு 7.1 சதவீதம் கொடுக்குது. ஒருத்தன் வாரத்துக்கே அந்த அளவு தர்றேன்னா அடுத்தவன் போட்ட காசைத்தான் எடுத்துத் தர்றான். நகைக்கடை மாசச் சேமிப்பும் பேங்க் டெபாசிட் இல்ல, அதுக்குக் காப்பீடு கிடையாது.

என் கணக்கு இதுதான். சம்பளம் வந்த மறுநாள் மூவாயிரம் ரூபாய் தானா வேற கணக்குக்குப் போற மாதிரி பேங்க்ல எழுதிக் கொடுத்திரு. அந்தக் கணக்குக்கு யு.பி.ஐ. வேண்டாம், கார்டு வேண்டாம். மூணு மாசச் செலவு அதுல சேர்ற வரைக்கும் வேற முதலீட்டுப் பேச்சே வேண்டாம். அதுக்கப்புறம் பி.பி.எஃப்., வருஷம் 500 போட்டாக்கூடக் கணக்கு உயிரோட இருக்கும். மியூச்சுவல் ஃபண்ட் போடணும்னா நீயே படிச்சுப் புரிஞ்சு போடு, ரீல்ஸ் பார்த்துப் போடாதே.

கடன் ஆப் எதையும் போன்ல ஏத்தாதே. காண்டாக்ட் லிஸ்டைக் கேக்கிற ஆப்புன்னா அது நாளைக்கு உன் அப்பாவுக்கும் மேனேஜருக்கும் போன் பண்ணப் போற ஆப்பு. கிரெடிட் கார்டுல 'மினிமம் டியூ' மட்டும் கட்டினா மீதிக்கு வருஷ வட்டி 40 சதவீதத்தைத் தாண்டும். ஜாமீன் கையெழுத்துப் பத்தியும் சொல்லணும். சித்தப்பா மகன் பைக் லோனுக்கு நீ கையெழுத்துப் போட்டா அது உன் கடன். அவன் கட்டலேன்னா உன் சிபில் ஸ்கோர் விழும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க், நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமா கொடுக்கணும். மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு எடுத்தா வருஷம் முழுக்கப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். நீ வாங்காத கடன் உன் பேருல இருந்தா அதுலதான் தெரியும்.

வாடகைக்குப் போறவங்க 11 மாச லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமெண்டைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. ஹெவி டெபாசிட்னு லட்சக்கணக்குல கொடுத்து வாடகையில்லாம இருக்கிற ஏற்பாட்டுல பதிவு இல்லேன்னா, வீட்டுக்காரர் திருப்பித் தரமாட்டேன்னு சொன்னா உன்கிட்ட ஒண்ணும் இருக்காது. பணத்தை ரொக்கமா கொடுக்காம பேங்க் வழியா அனுப்பு.

இன்ஷூரன்ஸ் ரெண்டு வரியில முடிஞ்சிரும். பேங்க்ல வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, ரெண்டும் எழுதிக் கொடு. மே மாசக் கடைசியில பிடிப்பாங்க, அப்ப கணக்குல 456 ரூபாய் இல்லேன்னா காப்பீடு நின்னு போகும். அப்பா, அம்மாவுக்கும் வயசு பார்த்து எழுது. விபத்துக் காப்பீட்டுல 70 வரைக்கும் சேரலாம், ஆயுளுக்கு 50 வரைக்கும்தான்.

ஊருக்குப் போற செலவுதான் நம்ம கணக்கை வருஷா வருஷம் கவுக்கிறது. கோயில் கொடை வரி, டிக்கெட், எல்லாருக்கும் துணி, வீட்டுக்கு ஒரு பை. அது வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வராது. பன்னிரண்டு மாசத்துக்கு ஒரு ஆர்.டி. போடு, கொடைக்கு முந்தின மாசம் முடியிற மாதிரி, அதுல வர்றதுதான் ஊர்ச் செலவுக்கு எல்லை. ரயில் டிக்கெட் 2024 நவம்பர்ல இருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. தாதர் திருநெல்வேலி வண்டிக்கு அந்த நாள் காலையில 8 மணிக்கு உட்கார்ந்தாத்தான் சீட்டு. சித்திரைக் கொடைக்குப் போறவங்க பிப்ரவரி தொடக்கத்துலயே தேதியைப் பெரியவங்ககிட்ட கேட்டு வச்சுக்கோங்க, லீவையும் அன்னிக்கே மேனேஜர்கிட்ட மெயில்ல கேட்டிருங்க.